ஆங்கிலத்தின் ‘வீ’, மராத்தியின் ஆம்ஹி, ஆபண்: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல். மராத்தியில் அதற்கு ஆம்ஹி, ஆபண் என்று இரண்டு. எதை எங்கே சொல்வது என்று மகாராஷ்டிராவில் வாழும் நம்மவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புனேயில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்: அக்கா, மதியம் சாப்பிடக் கிளம்பும்போது உடன் வேலை செய்பவரிடம் ‘ஆம்ஹி ஜேவாயலா ஜாதோ’ என்றேன். அவர் ‘சரி, போய்ட்டு வாங்க’ என்று உட்கார்ந்துவிட்டார். நான் அவரைக் கூப்பிட்டேன் அல்லவா?

கூப்பிடவில்லை தம்பி. ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்று தகவல் சொல்லியிருக்கிறீர்கள். ஆம்ஹி என்றால் நாங்கள். கேட்பவர் அதில் இல்லை. ஆபண் என்றால் நாம், கேட்பவரும் சேர்ந்தவர். அவரையும் அழைக்க ‘ஆபண் ஜேவாயலா ஜாவூயா’ என்று சொல்ல வேண்டும். கடைசியில் வரும் அந்த ‘ஊயா’ நம் ‘போகலாம்’ போல, சேர்ந்து செய்யக் கூப்பிடுவது. ‘ஆபண் நிகூயா’ என்றால் நாம் கிளம்பலாம், ‘ஆம்ஹி நிக்தோ’ என்றால் நாங்கள் கிளம்புகிறோம்.

தமிழில் யோசித்திருந்தால் நீங்களே சரியாகச் சொல்லியிருப்பீர்கள். மனத்தில் ‘வீ’ என்று ஆங்கிலத்தில் எடுத்து அதை மராத்தியாக்கியதால் வந்த குழப்பம் இது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு நமக்குப் பேசத் தொடங்கிய வயதிலேயே வந்துவிடுகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைச் சுற்றிப் போக வேண்டாம் என்று என்னிடம் படிக்க வருபவர்கள் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாக்பூரில் படிக்கும் மாணவி: இந்தியில் ‘ஹம்’ ஒன்றுதானே இருக்கிறது. மராத்தியும் அதே குடும்பம்தானே, இங்கே மட்டும் எப்படி இரண்டு?

நல்ல கேள்வி. சமஸ்கிருதத்திலும் ‘வயம்’ ஒன்றுதான். மராத்திக்குத் தெற்கே தெலுங்கில் மேமு, மனமு என்று இரண்டு, மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள், தமிழிலும் இரண்டு. நூற்றாண்டுக் கணக்கில் திராவிட மொழிகளோடு உறவாடியதால் மராத்தி இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. குஜராத்தியிலும் அமே, ஆப்ணே என்று இரண்டு உண்டு. திராவிட மொழியான கன்னடமோ இன்று ‘நாவு’ என்ற ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது! குடும்பத்தைப் பார்ப்பதை விட அக்கம்பக்கத்தைப் பார்த்தால்தான் இந்த விஷயம் புரியும்.

மாட்டுங்காவில் வசிக்கும் ஒரு அம்மா: பக்கத்து வீட்டு மாமி தன் கணவரைப் பற்றிப் பேசும்போது ‘ஆம்சே ஹே’ என்கிறார். ‘எங்கள் இவர்’ என்று பொருளா?

அதேதான் அம்மா. பெயர் சொல்லாமல் மரியாதையாகக் குறிப்பது. நாம் ‘எங்க வீட்டுக்காரர்’ என்கிறோமே, அங்கேயும் ‘நம்ம’ வராமல் ‘எங்க’தான் வருகிறது. கணவர்களும் மனைவியை ‘ஆம்சி ஹி’ என்பதுண்டு. ஆம்ஹியிலிருந்து ஆம்சா, ஆம்சி, ஆம்சே வரும். ஆபணிலிருந்து ஆப்லா, ஆப்லி, ஆப்லே. பின்னால் வரும் சொல் ஆண்பாலா, பெண்பாலா, ஒருமையா, பன்மையா என்பதைப் பொறுத்து ஈறு மாறும். மரியாதைக்குப் பன்மை என்பதால்தான் கணவருக்கு ‘ஆம்சே’.

புனேயில் பழைய கடைகளில் ஒரு பலகை தொங்கும்: ‘ஆம்சி கோடேஹி ஷாகா நாஹி’. எங்களுக்கு எங்கும் கிளை இல்லை. கிளை கடைக்காரருடையது, வாசிக்கும் வாடிக்கையாளருக்கு அதில் பங்கில்லை, அதனால் ‘ஆம்சி’. இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் மகாராஷ்டிர அரசின் இணையதளம் ‘ஆப்லே சர்க்கார்’, மும்பை மாநகராட்சியின் சிறு மருத்துவமனைகள் ‘ஆப்லா தவாகானா’. நம் அரசு, நம் மருத்துவமனை. இங்கே ‘ஆம்சே’ போட்டிருந்தால் பொதுமக்களை வெளியே நிறுத்தியதாகிவிடும்.

அரசு அலுவலகத்தில் பணிபுரிபவர்: ஒரு சுற்றறிக்கையில் ‘ஆபண்’ என்று வந்தது. ‘நாம்’ என்று படித்தேன், மேலதிகாரி ‘தாங்கள்’ என்றார். யார் சொல்வது சரி?

வினைமுற்றைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். ‘ஆபண் யேணார் ஆஹோத்’ என்றால் நாம் வரப்போகிறோம். ‘ஆபண் யேணார் ஆஹாத்’ என்றால் தாங்கள் வரவிருக்கிறீர்கள். ஹோ, ஹா, இந்த ஓர் எழுத்தில் ஆளே மாறிவிடுகிறார். தினசரிப் பேச்சில் மரியாதைக்குத் ‘தும்ஹி’ (நீங்கள்) போதும். ‘ஆபண்’ என்று விளிப்பது அழைப்பிதழ், மேடை, அலுவலகக் கடிதம் போன்ற இடங்களுக்கு.

ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு வேலை என்றால், ஆபண் பிறந்தது ‘ஆத்மன்’ என்ற சொல்லிலிருந்து. அதாவது ‘தான்’. தமிழிலும் தான், தாம் என்று தன்னைக் குறித்த சொல்தான் ‘தாங்கள்’ என்ற மரியாதைச் சொல்லாக வளர்ந்தது. இந்தி ‘ஆப்’பும் இதே வேரில் வந்தது. அதனால் இந்தி தெரிந்தவர்கள் ‘ஆபண்’ என்று கேட்டதும் ‘நீங்கள்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சில் பெரும்பாலும் அது ‘நாம்’தான்.

தானேயிலிருந்து ஒருவர்: ‘மீ ஆப்ல சஹஜ் விசாரல’ என்றார் நண்பர். ‘நான் நம்முடைய... கேட்டேன்’ என்று பாதியில் நிற்கிறேன்.

‘சும்மாதான் கேட்டேன்’ என்கிறார். இங்கே ‘ஆப்ல’வுக்கு நம்முடைய என்ற பொருள் கிடையாது. பேச்சை இலேசாக்கும் ஓர் அசை. மராத்தியில் எனக்கு மிகவும் பிடித்த பிரயோகங்களில் ஒன்று இது. அப்புறம், மும்பை இளைஞர்கள் ‘ஆபண் நாய் காப்ரத்’ என்று கெத்தாகச் சொன்னால் ‘நான் பயப்படமாட்டேன்’ என்று பொருள். நம் பையன்கள் ‘நாமெல்லாம் யாரு!’ என்று தன் ஒருவனையே சொல்வது போலத்தான்.

கேள்வி: ஆம்சா என்பதில் ‘சா’வை எப்படிச் சொல்வது?

நாக்கு நுனி மேல் பல்லின் பின்னே தொட்டு, ‘த்ஸா’ என்பதற்குப் பக்கமாக. ஆம்சி, ஆம்சே இரண்டிலும் சாதாரண ‘ச்சி’, ‘ச்சே’ ஒலி.

ஐந்தாம் வகுப்புப் பையனின் அப்பா: பள்ளியில் மராத்தி கட்டாயம் என்பதால் நானும் சேர்ந்து படிக்கிறேன். அரசியலமைப்பின் முகப்புரை தமிழில் ‘இந்திய மக்களாகிய நாம்’. மராத்தியிலோ ‘ஆம்ஹி, பாரதாசே லோக்’. ஆபண் என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

இரண்டுமே சரி. நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் பேசி உறுதியெடுப்பதாகத் தமிழ் வைத்திருக்கிறது, அதனால் ‘நாம்’. மராத்தியில் மக்கள் எழுந்து நின்று உலகறிய அறிவிக்கிறார்கள். அறிவிப்புக்கு ‘ஆம்ஹி’ பொருந்துகிறது. எழுத்து நடையில் ‘ஆபண், பாரதாசே லோக்’ என்று தொடங்கினால் ‘இந்திய மக்களாகிய தாங்கள்’ என்றும் ஒரு கணம் தோன்றிவிடும். பையன் தேர்வில் ‘ஆம்ஹி’ என்றே எழுதட்டும். முகப்புரையின் கடைசி வினைமுற்றும் ‘ஆஹோத்’தான், அதையும் காட்டிக் கொடுங்கள்.