குழப்படிகாரரை ஒன்றாய் இருத்தலாமா?

வணக்கம் ஐயா,

கிளிநொச்சிப் பக்கம் தரம் 10 வகுப்பாசிரியை நான். என் வகுப்பில் ஒரு பெடியன். தகப்பன் இல்லை, தாய் வெளிநாட்டில், வளர்ப்பது அம்மம்மா. இரவில் மணல் ஏற்றப் போகிறான், பகலில் சண்டை பிடிக்கிறான். "தகப்பன் இல்லாமல் வளர்ந்தது, கடைசியில வாளோடதான் நிக்கும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். இப்படிப்பட்ட ஆறேழு பேரைச் சேர்த்துச் சனிக்கிழமைகளில் தனி வகுப்பு வைக்கலாமா என்று அதிபர் கேட்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள ரீச்சர்,

வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சமர்வில் திட்டத்தில் சிறுவர்களுக்கு ஆலோசனை, படிப்பு உதவி, கோடைமுகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து ஆய்வாளர் ஜோன் மக்கோர்ட் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிட மோசம். அதிலும் முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களே கூடக் கெட்டிருந்தார்கள். குழப்படிக்குக் கைதட்ட ஆள் கிடைத்ததுதான் காரணம் என்பது பின்னர் அவர் கொடுத்த விளக்கம். உங்கள் ஆறேழு பேரையும் ஆறேழு இடத்தில் பிரித்து விடுங்கள்: ஒருவன் வொலிபோலில், ஒருவன் சாரணரில், சுற்றிலும் ஒழுங்கான பெடியள்.

தகப்பன் இல்லாத கதைக்கு வருவோம். மறியலில் இருப்பவனைப் பிடித்துப் பின்னோக்கி விசாரித்தால் எல்லாம் சிறுவயதிலேயே எழுதி வைத்ததுபோல்தான் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடொம் சிறுவயதில் தொடங்கி முன்னோக்கிப் பார்த்தார். அடியும் புறக்கணிப்பும் பட்ட 908 பிள்ளைகள், அதே வயது, அதே சூழலில் வேறு 667 பேர். 1989இல் அவர் வெளியிட்ட கணக்கில், வளர்ந்தபின் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 29, மற்றதில் 21. ஆபத்துக் கூடுகிறது, உண்மை. ஆனாலும் முதல் கூட்டத்தில் பத்துக்கு ஏழு பேர் வளர்ந்தபின் கைதாகவே இல்லை.

சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பொஸ்டன் பெடியளின் பழைய பதிவுகளை சம்ப்சன், லோப் என்ற இரண்டு குற்றவியல் ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். நிலையான வேலையும் மனைவியோடு நல்ல ஒட்டுதலும் கிடைத்தவர்களே அதிகம் திருந்தியிருந்தார்கள். எங்கட ஆக்கள் இதைக் கேட்டால் உடனே கால்கட்டுப் போடக் கிளம்பிவிடுவார்கள்! திருத்தியது தாலி அல்ல, ஒட்டுதல். ஐஸ் போதைப்பொருள் அடிக்கிறவனுக்குக் கட்டி வைத்தால் அடிவாங்க இன்னொரு பிள்ளை, அவ்வளவுதான்.

உங்கள் பெடியனுக்கு மணல் வேலை காசு மட்டும் கொடுக்கவில்லை. மணல் ஏற்றும் மிசின்காரர் அவனைப் பெரிய ஆளாக மதிக்கிறார்கள். விடிய வந்து படுத்தால் முதல் இரண்டு பாடம் போகும், கணிதத்தில் பின்தங்குவான், வகுப்பில் வெட்கம் வரும், வெட்கம் சண்டையாகும். வரவுப் பதிவேட்டில் எத்தனை நாள் வரவில்லை என்று பார்க்காமல் எந்த நாள் வரவில்லை என்று பாருங்கள். மணல் ஏறும் நாளுக்கு அடுத்த நாளாகவே விழுந்தால் பிரச்சினை குணத்தில் இல்லை, நித்திரையில்.

வீட்டுக்குப் போகும்போது முறைப்பாட்டோடு போகாதீர்கள். அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை முதலில் அம்மம்மாவிடம் சொல்லுங்கள். கடன், மருந்துச் செலவு ஏதும் இருக்கிறதா என்று பிறகு கேளுங்கள். தாய் தொலைபேசி எடுக்கும் நேரத்தை அறிந்து, மாதம் ஒருமுறை நீங்களும் கதையுங்கள். 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். மிசின்காரர் விடாவிட்டால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது 1929க்கு அழையுங்கள். முறைப்பாடு முதலாளி மேல் இருக்கட்டும், பெடியன் மேல் வேண்டாம்.

சிறுவர் இல்லத்தில் விடலாம் என்று யாராவது தொடங்கினால், அம்மம்மா வீட்டில் அவனுக்கு ஆபத்து இருந்தாலொழிய ஒத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு மிஞ்சியிருக்கும் உறவு அந்த மனுசி ஒன்றுதான்.