நிலவையும் கோள்களையும் மட்டும் பார்ப்பதற்கு, ஜப்பானிய நிறுவனமான தகாஹாஷியின் மியூலான் 210 போன்ற விலை உயர்ந்த எதிரொளிப்புத் தொலைநோக்கி வாங்குவது தகுமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் மொட்டை மாடியிலிருந்து வானம் பார்ப்பவர். 8 அங்குல ஷ்மிட்-காசக்ரெய்ன் தொலைநோக்கி (முன்பக்கம் கண்ணாடித் தட்டும் உள்ளே இரண்டு ஆடிகளும் கொண்ட வகை) ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறார். நெபுலாக்களிலும் விண்மீன் மண்டலங்களிலும் தமக்கு நாட்டமில்லை, நிலவும் வியாழனும் சனியும் செவ்வாயும் போதும் என்கிறார். அதற்காகச் சில லட்சம் ரூபாய் செலவழித்து மியூலான் 210 வாங்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தத் தொலைநோக்கியைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்ணை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். காமிராவை மாட்டிப் படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழிப்பதே நல்லது.

மியூலான் 210 என்பது 210 மில்லிமீட்டர் விட்டமும் 2415 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட டால்-கிர்க்கம் வகைத் தொலைநோக்கி. அதாவது, குவிய விகிதம் 11.5. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹோரஸ் டால் 1928-இல் உருவாக்கிய அமைப்பு இது. அமெரிக்க வானியல் ஆர்வலர் ஆலன் கிர்க்கமின் பெயரும் 1930 வாக்கில் அதனுடன் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆடிகளைக் கொண்ட வழக்கமான காசக்ரெய்ன் அமைப்பில், ஒளியை வாங்கும் முதன்மை ஆடி பரவளையமாகவும், அதைத் திருப்பியனுப்பும் துணை ஆடி அதிபரவளையமாகவும் இருக்கும். குவிந்த அதிபரவளையப் பரப்பைப் பிழையில்லாமல் தேய்ப்பது கடினம், அது சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பது அதைவிடக் கடினம். டால்-கிர்க்கம் அமைப்பில் துணை ஆடி வெறும் கோளப் பரப்பு, முதன்மை ஆடி நீள்வட்டத்தைச் சுழற்றினால் கிடைக்கும் பரப்பு. கோளப் பரப்பை மிக உயர்ந்த துல்லியத்தில் தேய்க்க முடியும். நீள்வட்டப் பரப்புக்கு இரண்டு குவியங்கள் இருப்பதால், ஒன்றில் ஒளிப்புள்ளியை வைத்து மற்றொன்றில் பிம்பத்தைப் பார்த்தே அதன் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். இவ்வகைத் தொலைநோக்கியின் மெருகான பிம்பத்துக்கு அடிப்படை இந்த எளிமைதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒளியச்சிலிருந்து விலக விலகக் கோமா என்னும் பிறழ்ச்சி வேகமாகக் கூடுகிறது. காட்சிப் பரப்பின் ஓரத்தில் விண்மீன்கள் புள்ளியாக நிற்காமல் சிறு விசிறி போல விரிந்துவிடும். விண்மீன் கொத்துகளை ரசிக்க விரும்புகிறவருக்கு இது பெருங்குறை. ஆனால் வியாழன் பூமிக்கு மிக அருகில் வரும்போதும் அதன் தோற்ற விட்டம் 50 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அளவுதான், ஒரு பாகையில் எழுபதில் ஒரு பங்குகூட இல்லை. நிலவு அரைப் பாகை அகலம் உள்ளதால், முழு நிலவையும் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கும்போது விளிம்பு சற்றே மென்மையாகத் தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டி ஒரு பள்ளத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அந்தக் குறை கண்ணில் படாது. ஓரத்தை விட்டுக்கொடுத்து நடுவைச் சிறப்பாக்கிய கருவி என்பதால்தான், கோள்களை மட்டும் பார்க்கிறவருக்கு இது இவ்வளவு பொருத்தமாக அமைகிறது.

என்ன தெரியும் என்று கேட்டால் நிலவிலிருந்து தொடங்குவேன். 210 மில்லிமீட்டர் விட்டத்துக்கு டாஸ் எல்லை, அதாவது அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் எல்லை, சுமார் 0.55 வில்நொடி. நிலவின் தொலைவில் அது ஏறத்தாழ 1 கிலோமீட்டர். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளில் நிலவிலுள்ள ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 166 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளத்தாக்கின் தரையில், நடுவாக, 1 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கோடு போன்ற அமைப்புகளைக் கண் புள்ளிகளைவிட எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால், எல்லைக்குக் கீழே இருந்தும் அது தெரிகிறது. 12 மில்லிமீட்டர் ஐபீஸில், அதாவது சுமார் 200 மடங்கில், முதலில் ஒன்றும் இருக்காது. காற்று ஓரிரு நொடி அசையாமல் நிற்கும்போது மயிரிழை போல ஒரு கீறல் தோன்றும், பிறகு மறைந்துவிடும். எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிய பின் அது அடிக்கடி அகப்படும். சுமார் 100 கிலோமீட்டர் அகலமான பிளேட்டோ என்னும் நிலாப் பள்ளத்தின் வழவழப்பான கருந்தரையில் இருக்கும் சிறு குழிகளும் இதே வகையான சோதனைதான்.

வியாழனில் பட்டைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஓரங்களைக் கவனியுங்கள். வடக்கு நிலநடுக்கோட்டுப் பட்டையின் தென் விளிம்பிலிருந்து வெளிர்ப் பகுதிக்குள் வளைந்து இறங்கும் நீலச்சாம்பல் இழைகள், பெருஞ்செம்புள்ளியைச் சுற்றியுள்ள வெளிறிய வளையம், அதன் பின்னால் தொடரும் கொந்தளிப்பு ஆகியவை இந்த ஆடிகளில் நிறத்தோடு தெரிகின்றன. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், கால் மணி நேரம் இமை அகலாமல் பார்த்தால் புள்ளிகள் நகர்ந்திருப்பதை நீங்களே உணரலாம். சனியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வளையங்களைப் பிரிக்கும் காசினி இடைவெளி சிறிய தொலைநோக்கியிலும் தெரியும். இங்கே கூடுதலாகக் கிடைப்பது உள்ளே மெல்லிய திரை போல நிற்கும் சி வளையம்.

இந்தக் கருவிக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். துணை ஆடி முன்பக்கத்தில் நடுவே நின்று, விட்டத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை மறைக்கிறது. பரப்பளவில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் ஒளியிழப்பு பொருட்டில்லை. ஆனால் பிம்பத்தின் மையத்தில் குவிய வேண்டிய ஒளியில் ஒரு பகுதி சுற்று வளையங்களுக்குப் போய்விடுவதால், மெல்லிய நிற வேறுபாடுகள் மங்குகின்றன. விட்டத்திலிருந்து துணை ஆடியின் விட்டத்தைக் கழித்தால், மறைப்பே இல்லாத எத்தனை மில்லிமீட்டர் கருவிக்கு இது சமம் என்று தெரியும் என ஒரு தோராயக் கணக்கு வழக்கில் உண்டு. அதன்படி, கோள்களின் நிற வேறுபாட்டைக் காட்டுவதில் இது 145 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கிக்கு நிகர். அந்த அளவில் ஒரு நல்ல அப்போகுரோமாட் (நிறப் பிறழ்ச்சியை நீக்கிய வில்லைத் தொலைநோக்கி) வாங்கினால் விலையும் நீளமும் எடையும் எங்கோ போய்விடும். ஏறக்குறைய 8 கிலோவில், மாடிப்படியில் ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய குழாயில் இந்தத் தரம் கிடைப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி காமிரா விஷயம். இன்றைய கோள் படங்கள் வீடியோவாக எடுக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான சட்டகங்களிலிருந்து காற்று நிலைத்திருந்த கணங்களை மட்டும் மென்பொருள் பொறுக்கி எடுத்து அடுக்கி, பிறகு கூர்மையாக்கி உருவாகின்றன. துணை ஆடி பறிக்கும் நிற வேறுபாட்டை அந்தச் செயல்முறை பெருமளவு மீட்டுத் தந்துவிடுகிறது. விட்டம் குறைந்ததால் பதிவாகாமலே போன நுட்பத்தை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. அதனால்தான் பிரிட்டனின் டேமியன் பீச் போன்றவர்கள் 14 அங்குல ஷ்மிட்-காசக்ரெய்னைக் கொண்டு உலகத் தரமான படங்களை எடுத்தார்கள். நீங்கள் படமெடுப்பவர் என்றால் 11 அங்குல ஷ்மிட்-காசக்ரெய்னுக்குப் போங்கள்.

அதே பீச், கோள்களைப் படமெடுக்கப் பார்படோஸ் தீவுக்குப் பயணம் செய்தவர். பார்படோஸும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 பாகை வடக்கில், இருக்கின்றன. 2020 ஜூலையில் வியாழன் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 22 பாகையில் இருந்தபோது லண்டனில் அது அடிவானத்திலிருந்து 16 பாகைதான் ஏறியது, சென்னையில் 55 பாகை ஏறியது. 2026 ஜனவரியில் அதே வியாழன் நமக்கு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் வந்து நின்றது. கோள் தாழ்வாக இருந்தால் அதன் ஒளி தடித்த காற்றைக் கடந்து வந்து, ஒரு விளிம்பில் சிவப்பும் மறு விளிம்பில் நீலமுமாகப் பிரியும். நமக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. நகர விளக்குகளும் கோள்களை ஒன்றும் செய்வதில்லை. நம் ஊரில் வாங்கிப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதே இல்லை என்று நான் அழுத்திச் சொல்வது இந்தக் காரணங்களால்தான்.

ஆனால் மாடியின் கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை நள்ளிரவு வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அது கிளப்பும் காற்றோட்டத்தில் எந்த ஆடியும் கொதிநீருக்குள் பார்ப்பது போன்ற பிம்பத்தைத்தான் தரும். மாலையில் தரையில் தண்ணீர் ஊற்றிவைப்பது ஓரளவு உதவும், பின்னிரவில் பார்ப்பது அதைவிட உதவும். ஏசி அறையில் மட்டும் தொலைநோக்கியை வைக்காதீர்கள், வெளியே எடுத்தவுடன் குளிர்ந்த ஆடியில் ஈரம் படிந்துவிடும். முன்பக்கம் கண்ணாடி இல்லாத திறந்த குழாய் என்பதால் ஷ்மிட்-காசக்ரெய்னின் திருத்தத் தட்டில் பனி படிவது போன்ற பிரச்சினை இதில் இல்லை. தூசியும் கடற்காற்றின் உப்பும் நேராக உள்ளே போகும் என்பதால், பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ஆடிகளை நேர்ப்படுத்தும் கொலிமேஷனில் இது கண்டிப்பானது. பிரகாசமான விண்மீனை உயர்ந்த உருப்பெருக்கத்தில் சற்றே குவியம் விலக்கிப் பார்த்து, வளையங்கள் ஒருமைய வட்டங்களாக வரும்வரை துணை ஆடியின் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகவே திருப்புங்கள். முதன்மை ஆடியை நகர்த்தித்தான் குவியப்படுத்த வேண்டியிருப்பதால் பிம்பம் கொஞ்சம் இடம் மாறும். பின்பக்கம் ஆடியை அசைக்காமல் ஐபீஸை மட்டும் நகர்த்தும் கிரேஃபோர்டு குவியமாக்கி ஒன்றைத் தனியாகப் பொருத்தினால் அது தீர்ந்துவிடும். வானத்தோடு சேர்ந்து தானாகச் சுழலும் உறுதியான மவுண்ட் (தாங்கி) அவசியம், 200 மடங்கில் கையால் தள்ளிக்கொண்டே நிதானமாகப் பார்க்க முடியாது.

பழையது கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் அழுக்காகத்தான் தெரியும், அதைக் கண்டு மிரள வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பூச்சு உரிந்திருக்கிறதா, விளிம்பில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு இரவில் ஒரு விண்மீனைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி, இரு பக்கத்து வளையங்களும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பின் முன்பணம் கொடுங்கள்.