ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு இரவு வேலை: கார் வாங்க முன்னம் தெரிந்துகொள்ள வேண்டியவை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. வவுனியாவில் பத்து வருடமாக வான் ஓடியிருக்கிறீர்கள், குடும்பத்தோடு கனடாவுக்கு, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவுக்கு வந்து மூன்று கிழமை, மேற்கே இருக்கும் மிசிசாகா நகரத்தில் ஒரு வெயார்ஹவுசில் இரவு வேலை கிடைத்திருக்கிறது, உடனே ஒரு பழைய கார் எடுத்து ஓடலாமா, 401 ஹைவேயைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, குளிர் வேறு வரப்போகிறது என்று.

நேரடியாகவே சொல்கிறேன். காரை இந்த மாதம் வாங்க வேண்டாம். லைசென்ஸ் வேலையை நாளைக்கே தொடங்குங்கள்.

ஒன்ராறியோ மாகாணத்தில் புதிதாகக் குடியேறியவர் தன் நாட்டு லைசென்சோடு 60 நாள்தான் ஓடலாம். உங்களுக்கு அதில் மூன்று கிழமை போய்விட்டது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்கள் தங்கள் லைசென்சைக் கொடுத்து இங்குள்ளதை மாற்றி எடுக்கலாம், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே கண் பரிசோதனை, எழுத்துப் பரீட்சை, ஜி1 எனும் பழகுநர் லைசென்ஸ், அதற்குப் பிறகு வீதிப் பரீட்சை என்றுதான் போக வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலும் செய்யலாம். அடையாளங்களில் 20 கேள்வி, விதிகளில் 20 கேள்வி, ஒவ்வொன்றிலும் 16 சரியாக வந்தால் போதும். ஆனால் மாகாண அரசின் சாரதிக் கைநூலை ஆங்கிலத்தில் ஒருமுறை முழுதாக வாசியுங்கள், ஏனென்றால் வீதியில் பலகைகள் ஆங்கிலத்தில்தான் நிற்கும், அதை வாசித்து விளங்க உங்களுக்கு இரண்டு செக்கன்தான் கிடைக்கும்.

இதில் பலரும் கோட்டைவிடுவது ஒரு கடிதத்தை. சாதாரணமாக ஜி1 எடுத்தவர் அடுத்த படியான ஜி2 லைசென்சுக்குரிய வீதிப் பரீட்சைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி வகுப்பு முடித்திருந்தால் 8 மாதம். உங்களைப் போல வெளிநாட்டில் ஓடிய அனுபவம் இருப்பவருக்கு அது கணக்கில் எடுக்கப்படும். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது என்று காட்டினால் நேரே முழு ஜி பரீட்சைக்கே போகலாம். ஆனால் அதற்குக் கையில் உள்ள அட்டை மட்டும் போதாது. உங்களுக்கு லைசென்ஸ் எப்போது வழங்கப்பட்டது என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமோ தூதரகமோ உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும். ஊரில் இருக்கும் அண்ணனையோ மச்சானையோ பிடித்து இந்தக் கிழமையே அதற்கு அலையச் சொல்லுங்கள். கடிதம் கையில் வந்தபிறகு பரீட்சைக்குப் பதிவுசெய்தால் நல்லது.

உங்கள் வேலை இரவு வேலை என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. ஜி1 எடுத்தபின் அதன் கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிடுவீர்கள்: நள்ளிரவிலிருந்து காலை 5 மணிவரை ஓடக்கூடாது, 401 போன்ற 400 வரிசை ஹைவேக்களில் ஏறக்கூடாது, பக்கத்தில் குறைந்தது 4 வருட அனுபவமுள்ள முழு லைசென்ஸ்காரர் இருக்க வேண்டும். அதாவது ஜி1 உடன் நீங்கள் தனியே வேலைக்குப் போய் வர வழியே இல்லை. கார் வாங்க வேண்டாம் என்று சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

அதுவரை வேலைக்கு எப்படிப் போவது? ஸ்காபரோவுக்குள் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 யூலையில் தடம்புரண்டபின் மூடப்பட்டுவிட்டது, அதனால் பஸ்தான். 2024 பெப்ரவரியிலிருந்து ரொறன்ரோ பஸ்சிலிருந்து மிசிசாகா பஸ்சுக்கு மாறினாலும் இரண்டாவது கட்டணம் இல்லை, பிரெஸ்ரோ எனும் பயணக் கட்டண அட்டையைத் தட்டினால் சரி. பணம் குறைவு, நேரம்தான் அதிகம், நள்ளிரவுக்குப் பிறகு இன்னும் கஷ்டம். ஆகவே வேலையிடத்தில் கேளுங்கள். ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்குப் போகும் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் ஒரே காரில் காசு பங்கிட்டுப் போகிறார்கள். அந்த இருக்கையில் இருந்தபடியே அவர் எங்கே எந்தப் பாதை மாறுகிறார், எவ்வளவு முன்னதாக மாறுகிறார் என்று கவனியுங்கள். பாடத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத பாடம் அது.

இரண்டாவது காரணம் காப்புறுதி. அது இல்லாமல் ஓடுவது சட்டவிரோதம். சட்டப்படி மூன்றாம் தரப்புக்குக் குறைந்தது 2 இலட்சம் டொலர் பொறுப்பு இருக்க வேண்டும், ஆனால் இங்கே பெரும்பாலானவர்கள் 10 இலட்சமோ 20 இலட்சமோ எடுப்பார்கள், நீங்களும் அப்படித்தான் எடுக்க வேண்டும். கட்டணம் நீங்கள் இருக்கும் தபால் குறியீட்டையும் பார்க்கும், ஸ்காபரோவும் பிரம்ரனும் மலிவான இடங்கள் இல்லை. புதிய சாரதி என்றால் காரின் விலையை விட ஒரு வருடக் காப்புறுதி கூட வரலாம், அதனால் காரைப் பார்க்க முன்னம் காப்புறுதி விலையைக் கேளுங்கள். யாராவது "வெளியூரில் இருக்கிற சொந்தக்காரரின் முகவரியைப் போடு, அரைவாசிக்கு வரும்" என்று சொல்வார்கள். செய்யாதீர்கள். விபத்து நடந்து அது தெரியவந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும், பிறகு அடுத்த காப்புறுதி கிடைப்பதே பெரும்பாடு. குடும்பத்தோடு வந்த மனிதன் நீங்கள், அந்தச் சுமை உங்களுக்கு வேண்டாம்.

சரி, இனி ஓடுவதைப் பற்றி. பத்து வருடம் ஓடியவர் என்பதால் ஸ்ரியரிங்கும் பிரேக்கும் உங்களுக்குப் பழகியவை. வலப்பக்கம் ஓடுவதும் ஒரு கிழமையில் பழகிவிடும். அது இல்லை பிரச்சினை. ஏ9 இல் ஓடும்போது நாங்கள் எதிரே வருபவரைப் பார்த்துத்தான் ஓடுவோம். அவர் விடுவாரா, மாட்டாரா, மாடு குறுக்கே வருமா, முச்சக்கரவண்டி திரும்புமா என்று கணித்து, கோர்ன் அடித்து, இடைவெளி கண்ட இடத்தில் போவோம். அது ஒரு திறமைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இங்கே ஓடுபவர்கள் உங்களைக் கணிப்பதில்லை. விதி உங்களுக்கு எதைச் சொல்லியிருக்கிறதோ அதை நீங்கள் செய்வீர்கள் என்று நம்பிக்கொண்டு முழு வேகத்தில் வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மாறாக நீங்கள் அவசரப்பட்டாலும் ஆபத்து, தயங்கினாலும் ஆபத்து, இரக்கப்பட்டு வழி விட்டாலும் ஆபத்து.

உதாரணத்துக்கு, எல்லன்ஸ்மெயர் மாதிரி அகலமான வீதியில் போகிறீர்கள், ஒரு பிளாசாவிலிருந்து ஒருவர் இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கிறார், பாவம் என்று நின்று கையைக் காட்டுகிறீர்கள். உங்கள் பக்கத்துப் பாதையில் வருபவருக்கு அது தெரியாது. அவர் நேரே வந்து அடிப்பார். ஊரில் நல்ல மனிதர் செய்யும் வேலை இங்கே ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். உங்கள் முறை என்றால் போங்கள், இல்லையென்றால் நில்லுங்கள். அதேபோல ஹெட்லைட்டை அடிப்பதும். ஊரில் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம், இங்கே பலர் அதை "நீ போ" என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் லைட் அடிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

ஸ்ரொப் பலகை என்றால் சில்லு முழுதாக நிற்க வேண்டும், வீதி வெறுமையாக இருந்தாலும். நான்கு பக்கமும் ஸ்ரொப் இருக்கும் சந்தியில் முதலில் வந்தவர் முதலில் போவார், ஒன்றாக வந்தால் வலப்பக்கம் நிற்பவருக்கு முன்னுரிமை. சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பலாம், ஆனால் முழுதாக நின்ற பிறகு, தடைப்பலகை இல்லையென்றால். அந்த இடத்தில் எல்லோரும் இடப்பக்கம் வரும் காரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வலப்பக்கத்திலிருந்து நடந்து வருபவர் கண்ணில் படமாட்டார். வீதியோரம் ஸ்னோ குவிந்து கிடக்கும் காலத்தில் சின்னப் பிள்ளை ஒன்று அந்தக் குவியலுக்குப் பின்னால் முழுதாக மறைந்துவிடும்.

இடப்பக்கம் திரும்புவதைத்தான் நான் யாருக்கும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் ஸ்காபரோ வீதிகள் அவ்வளவு அகலம், எதிரே மூன்று பாதை வரும். பச்சை விழுந்ததும் சந்தியின் நடுவுக்குப் போய் சில்லை நேராக வைத்துக்கொண்டு காத்திருங்கள். முன்கூட்டியே சில்லைத் திருப்பி வைத்திருந்தால், பின்னால் ஒருவர் வந்து இடித்தால் எதிர்வரும் வாகனங்களுக்குள் தள்ளப்பட்டுவிடுவீர்கள். மஞ்சள் விழுந்து எதிரே வருபவர்கள் உண்மையாகவே நின்ற பிறகு, கடவையில் ஆளில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பின்னால் நிற்பவர் கோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றால், நடுவில் தடுப்புத் திட்டு இல்லாத வீதியில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும், எதிரே வருபவரும்தான். முதல் தடவைக்கே 400 டொலரிலிருந்து 2,000 டொலர் வரை தண்டம், லைசென்சில் 6 புள்ளி. கையில் போன் பிடித்தாலும் கடும் தண்டம், அதுவும் ஜி1, ஜி2 காரருக்கு முதல் தடவையே 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம்.

இப்போது 401. ரொறன்ரோவுக்குள் அது ஒவ்வொரு திசையிலும் இரண்டாகப் பிரிந்து ஓடும். ஓரத்தில் கலெக்ரர், நடுவில் எக்ஸ்பிரஸ். கலெக்ரரில்தான் பெரும்பாலான வெளியேறும் வழிகள் இருக்கும், எக்ஸ்பிரசிலிருந்து வெளியேற வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் கலெக்ரருக்கு மாறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஏறும்போது பயப்பட்டு 60 இல் போய்ச் சொருகாதீர்கள். ஹைவேயில் ஏறும் இணைப்பு வீதியான ரம்ப்பிலேயே 100 க்கு அண்மித்த வேகத்தை எடுத்துவிட்டால் நுழைவது சுலபம். உங்கள் எக்சிற் தவறிவிட்டதா, விடுங்கள், அடுத்ததில் இறங்கித் திரும்பி வரலாம், மூன்று பாதையைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டாம். முதல் பழக்கத்துக்கு ஞாயிறு காலை நல்லது: லைசென்ஸ் கிடைத்ததும் அனுபவமுள்ள ஒருவரோடு மோர்னிங்சைட்டில் ஏறி, கலெக்ரரிலேயே கென்னடிவரை போய் இறங்கி, திரும்பி வாருங்கள். அது சலிக்கும்வரை செய்துவிட்டுப் பிறகு எக்ஸ்பிரஸ்.

உங்கள் பயணத்தில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள். மாலையில் மேற்கே போவீர்கள், காலையில் கிழக்கே வருவீர்கள். இரண்டு நேரமும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், காலையில் நித்திரையும் சேர்ந்துவிடும். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து வைத்திருங்கள், கூலிங் கிளாஸ் காரிலேயே இருக்கட்டும். வேலை முடிந்து கண் சொருகினால் வேலையிடத்துப் பார்க்கிங்கிலேயே கொஞ்சம் படுத்துவிட்டு வெளிக்கிடுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் நித்திரையை நிறுத்தாது.

407 ஹைவேயில் நெரிசல் குறைவு, ஆனால் காசு. தடுப்போ பணம் வாங்கும் இடமோ இல்லை, கமரா நம்பர் பிளேற்றைப் படமெடுக்கும், பில் வீட்டுக்கு வரும். மச்சானின் காரை எடுத்துக்கொண்டு போனால் பில் மச்சானுக்குத்தான் வரும்.

நகர மையத்துக்கு நீங்கள் அதிகம் போகத் தேவையில்லை. போனால், வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார் நின்று கதவு திறந்தால் பின்கதவுக்குப் பின்னாலேயே நில்லுங்கள், ஆட்கள் நேரே வீதியில் இறங்குவார்கள். கிங் வீதியில் பாதர்ஸ்ற்றிலிருந்து ஜார்விஸ் வரை காருக்கு நேரே போக அனுமதி பெரும்பாலும் இல்லை, வலப்பக்கம் திரும்பச் சொல்லும். காரைக் "கோ" எனும் புறநகர் ரயிலின் நிலையத்தில் விட்டுவிட்டு ரயிலில் போவது நிம்மதி.

குளிர். வின்ரர் ரயர் ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, கியூபெக்கில் கட்டாயம். நான் உங்களுக்குக் கட்டாயம் என்றுதான் சொல்வேன். ஸ்னோ விழுந்தால்தான் தேவை என்று நினைக்க வேண்டாம், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். போட்டால் காப்புறுதியிலும் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். பாலங்களும் வளைந்த ரம்ப்புகளும்தான் முதலில் உறையும், வீதி ஈரமாக மட்டும் தெரியும், மேலே போனால் கண்ணாடி போன்ற ஐஸ். கூரையில் இருக்கும் ஸ்னோவையும் முழுதாகத் தள்ளிவிட்டே வெளிக்கிடுங்கள், பிரேக் பிடித்ததும் அது உங்கள் கண்ணாடிமேலேயே வந்து விழும். எஞ்சினை ஓடவிட்டபடி காருக்குள் இருப்பதென்றால் புகைக்குழாயை ஸ்னோ மூடவில்லை என்று முதலில் இறங்கிப் பாருங்கள், பிள்ளை உள்ளே இருந்தால் இன்னும் கவனம்.

பிள்ளைக்கு இருக்கை வாங்கும்போது கனடாவின் பாதுகாப்பு முத்திரையும் காலாவதித் தேதியும் பாருங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்தது செல்லாது. தடித்த குளிர் ஜக்கெற்றோடு பட்டியைப் போடாதீர்கள், மோதும்போது ஜக்கெற் நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். ஜக்கெற்றைக் கழற்றி, பட்டியை இறுக்கிவிட்டு, மேலே போர்த்திவிடுங்கள்.

கடைசியாக, விபத்து நடந்தால். யாருக்காவது காயம் என்றால் உடனே 911. நீங்கள் கூப்பிடாமலே காரை இழுத்துச் செல்லும் ரோ ரக் ஒன்று வந்து நிற்கும், அன்பாகக் கதைத்து, "நல்ல கராஜ் தெரியும், வழக்கறிஞரும் தெரியும், இதில் கையெழுத்து வையுங்கள்" என்பார்கள், தமிழிலேயே சொல்பவர்களும் உண்டு. நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். படம் எடுங்கள், மற்றவரின் காப்புறுதி விவரத்தை எழுதுங்கள், உங்கள் காப்புறுதிக்கு போன் போட்டு எங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேளுங்கள். 401 போன்ற ஹைவேக்களின் சில பகுதிகளில் மட்டும் பொலிஸ் அனுப்பும் வண்டியில்தான் போக வேண்டிவரும்.

உங்கள் இலங்கை அட்டை இடையில் புதுப்பித்ததா, முதலில் எந்த ஆண்டில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். புதுப்பித்த தேதி மட்டும் அதில் இருந்தால், கடிதத்தில் முதல் தேதி வரும்படி ஊரில் கேட்கச் சொல்ல வேண்டும்.