சோறு மட்டும் உண்டபின் எந்த ஆசி?

யூத மரபில் உணவுக்கு முன்னும் பின்னும் ஆசி சொல்வார்கள். சோற்றுக்குப் பின் ‘போரே நெஃபாஷோத்’ என்ற சிறிய ஆசியே போதும்; உண்ணும் முன்பு ‘மெஸோனோத்’ என்ற தானிய உணவு ஆசியைச் சொன்னதால், பின்பு அதற்கு இணையான ‘அல் ஹமிஹ்யா’ ஆசியைச் சொல்ல வேண்டுமே என்று நீங்கள் கேட்ட ஐயம் இங்கே பொருந்தாது.

குழப்பத்துக்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: கோதுமை, வாற்கோதுமை உள்ளிட்ட ஐந்து தானியங்களால் செய்த கேக் போன்றவற்றுக்கு முன்பு ‘மெஸோனோத்’, பின்பு ‘அல் ஹமிஹ்யா’ என இவ்விரு ஆசிகளும் இணையாகவே வரும். அரிசி பசியாற்றும் உணவு என்பதால் யூதச் சட்ட நூலான தல்மூத் அதற்கு ‘மெஸோனோத்’ வழங்கியது. ஆனால் அது அந்த ஐந்தில் ஒன்றன்று. முன் ஆசியில் ஐந்து தானியங்களோடு சேர்ந்தும் பின் ஆசியில் அவற்றிலிருந்து பிரிந்தும் நிற்கும் விந்தையான தானியம் அது!

ஒன்றைச் சரிபாருங்கள். அதே வேளையில் கைகழுவி, ரொட்டிக்கான ‘ஹமோட்ஸி’ ஆசியைச் சொல்லி ரொட்டி உண்டீர்களா? அப்படியானால் உடன் உண்ட சோற்றுக்குத் தனி ஆசி இல்லை. ஓர் ஒலிவக்காயளவு ரொட்டியேனும் உண்டிருந்தால், இறுதியில் சொல்லும் ‘பிர்காத் ஹமஸோன்’ என்ற ரொட்டி உணவுக்குப் பிந்தைய நன்றி ஆசி எல்லாவற்றையும் உள்ளடக்கும்.

தல்மூத் குறிப்பிடும் ‘ஓரெஸ்’ அரிசிதானா, தினையா என்று பழைய உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஆகவே முன் ஆசியில் உங்கள் சமூகத்தின் வழக்கத்தை ரபியிடம் (யூத மதகுருவிடம்) கேட்டுக்கொள்ளுங்கள்.