விடை போடும் கோடு

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். கணக்கில் நல்ல மதிப்பெண். ஏழு, எட்டு இரண்டு வகுப்புக் கணக்கையும் ஒரே வருஷத்தில் சேர்த்து முடித்து, எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதப் பாடம் எடுக்கலாம் என்கிறார்கள் பள்ளியில். அவள் தோழிகள் சேர்ந்துவிட்டார்கள். இவள் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கால்குலேட்டர் பழக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

கால்குலேட்டரை விடுங்கள், அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தோழிகள் சேர்ந்த கதையை நான் படிக்காத மாதிரியே வைத்துக்கொள்கிறேன். பயம் உங்களுக்கு, மாட்டிக்கொள்வது அவள். கடிதம் முழுக்கத் தேடினேன், அவளுக்குக் கணக்கு பிடிக்குமா என்று ஒரு வரி இல்லையே அம்மா!

ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதும் இதேதான்.

அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து 8 + 4 = __ + 5 என்று எழுதிக் காட்டுங்கள். கோடிட்ட இடத்தில் 7-க்குப் பதிலாக 12 என்று எழுதினால் பதறாதீர்கள். 17 என்று எழுதினாலும்தான். கணிதக் கல்வி ஆய்வாளர்கள் பல காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. மதிப்பெண்ணை அள்ளுகிற பிள்ளைகளும் இதில் தடுமாறுவார்கள்.

என் அண்ணன் மகனின் நோட்டில் ஒருநாள் இப்படி ஒரு வரி: 3 + 5 = 8 × 2 = 16 − 4 = 12. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி'. "3-ம் 5-ம் சேர்ந்தா 12-ஆடா?" என்றேன். "இல்ல சித்தப்பா, அது விடை போடுற கோடு" என்றான். அவன்மேல் தப்பே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து சமக்குறிக்கு இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை என்றே பார்த்துவந்திருக்கிறான். அந்தப் பையனிடம்தான் "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மந்திரம் ஓதுகிறோம். 2எக்ஸ் = 10 என்று கொடுத்தேன். 2-ஐ அந்தப் பக்கம் தள்ளி, குறியை மாற்றி, எக்ஸ் = 8 என்று முடித்தான். சொன்னபடிதான் செய்திருக்கிறான், பாவம். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்யவேண்டும் என்று யாராவது அவனிடம் நிதானமாகச் சொன்னார்களா?

இந்தச் சமக்குறியை 1557-ல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான வேறு எதுவும் கிடையாது என்று காரணமும் எழுதிவைத்தார். அதற்கு ஏழு நூற்றாண்டு முன்பே பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி குறியே இல்லாமல், வெறும் வாக்கியங்களாக எழுதிச் சமன்பாடுகளைத் தீர்த்திருக்கிறார். ஓர் எண்ணோடு மூன்றைச் சேர்த்தால் பத்து, அந்த எண் என்ன என்று உங்கள் மகளிடம் இன்றைக்கே கேட்கலாம். எக்ஸ் வரட்டும் என்று இயற்கணிதம் காத்திருப்பதில்லை. ஆறிலும் ஏழிலும் விகிதம், குறை எண்கள், பின்னம் என்று நடத்துவதெல்லாம் அதற்கான வேலைதான். அதையா சுருக்கி ஓட்டுவார்கள்?

பின்னத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும். சிறுவயதில் பின்னமும் வகுத்தலும் தெளிவாக இருந்தால் பிற்பாடு இயற்கணிதம் நன்றாக வருகிறது என்று அமெரிக்க, பிரிட்டிஷ் மாணவர்களை வைத்து 2012-ல் ஓர் ஆய்வு வந்தது.

சேர்க்கலாமா என்றுதானே கேட்டீர்கள்? முக்காலை அரையால் வகுத்தால் விடை ஏன் முக்காலைவிடப் பெரிதாக வருகிறது என்று அவளிடம் கேளுங்கள். முக்காலுக்குள் அரை ஒன்றரை முறை இருக்கிறது என்று அவள் பாணியில் எப்படியாவது சொல்லிவிட்டாள் என்றால், அவளுக்கும் விருப்பம் என்றால், தாராளமாகச் சேருங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டால், ஏழாம் வகுப்பை முழு வருஷமும் படிக்கட்டும்.