அந்த ‘வழக்கப்படி’ யாருடைய வழக்கம்?

கேள்வி: எனக்கு வயது 57. திருவாரூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் விவசாயம். 28 வருடமாக இடதுசாரிக் கட்சி ஒன்றில் இருக்கிறேன், இப்போது கிளைச் செயலாளர். ஒரே மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள். ஜூலையில் லீவுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அவள் வந்திருந்தது குறுவை நடவு நேரம். நான் கட்சி வகுப்புக்குப் போயிருந்ததால் கூலிப் பட்டுவாடாவை அவளே பார்த்தாள். நடவுப் பெண்கள் 14 பேரும் 400 கேட்கிறார்கள் என்று போன் செய்தாள். “வழக்கப்படி 350 கொடு, நாற்று பறிக்கிற ஆண்களுக்கு 700” என்றேன். மறுநாளும் அப்படியே கொடுத்தாள். நெல் விவசாயத்தில் என்ன மிஞ்சுகிறது என்று ஊருக்கே தெரியும். பெண் விடுதலை பேசி வளர்த்ததால் வந்த வினையா? படிப்பு கொடுத்த திமிரா? அவளை எப்படிப் பேச வைப்பது?

பதில்: தம்பி, நான் உங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள், அதனால் இப்படிக் கூப்பிடுகிறேன். மகள் பேசவில்லை என்று எழுதும் அப்பாக்களுக்கு நிறையப் பதில் எழுதிவிட்டேன். “கொஞ்ச நாளில் சரியாகிவிடும்” என்று உங்களுக்கு எழுத மாட்டேன். உங்கள் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் மகள் படிப்புக்கு ஆன செலவுக் கணக்கு. அந்த போனைப் பற்றி மூன்றே வரி. நான் அந்த மூன்று வரியிலேயே நிற்கிறேன்.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடவு முடித்துக் கரையேறிய பதினான்கு பெண்கள், கால் சேறுகூடக் கழுவாமல் வரப்பில் நிற்கிறார்கள். உங்கள் மகள் கையில் பணக்கட்டு. ஐம்பது ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் சங்கம் உண்டு, அந்தச் சங்கத்தில் சேர்ந்து கேள் என்று சொல்லிக் கொடுத்ததே உங்கள் கட்சிதான். உங்கள் மகள் போன் செய்ததன் அர்த்தம் உங்களுக்குப் புரியவில்லை. தானே முடிவெடுத்து 350 கொடுத்திருக்கலாம், 400 கொடுத்திருக்கலாம். அப்பா சரியானதைச் சொல்வார் என்று நம்பித்தான் உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் வகுப்பிலிருந்து வெளியே வந்து ‘வழக்கப்படி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அந்தப் பெண்கள் முகத்தைப் பார்த்து ‘கிடையாது’ என்று சொல்லும் வேலை அவளுக்கு வந்தது. அவர்களில் ஒருத்தி அவளுடைய பள்ளித் தோழியின் அம்மா என்று நீங்களே இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

சண்டை எதுவும் இல்லை என்கிறீர்களே, இதைவிட என்ன சண்டை வேண்டும்?

வழக்கம் என்ற சொல்லை உங்கள் ஜில்லாவில் ஒரு செங்கொடிக்காரர் சொல்லலாமா? பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கால் அடிப்பதும்கூட உங்கள் கீழத்தஞ்சையில் ஒரு காலத்தில் வழக்கம்தான். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தபோது மிராசுதார்கள் சொன்ன பதிலும் அதுதான்: காலகாலமாக இப்படித்தான். மணலூர் மணியம்மா தலையைக் கிராப்பு வெட்டிக்கொண்டு வேட்டி கட்டி, சேரிசேரியாக நடந்து கூலிக்காகப் பேசினார். அவர் காலத்தில் ஒரு விதவைக்கு விதித்திருந்த வழக்கம் என்ன, அவர் எதை உதறிவிட்டு அந்த வரப்பில் இறங்கினார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை மிராசுதார் ஆட்கள் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருடம் தவறாமல் அந்த நினைவிடத்துக்குத் தோளில் தூக்கிப் போனதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை அதை மறக்கவில்லை, தம்பி.

உங்களுடைய அடுத்த வாதமும் எனக்குத் தெரியும். பறிப்பு வேறு, நடவு வேறு. ஆண் வேலை கனம், பெண் வேலை லேசு. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தபோதே அதில் ‘ஒரே வேலை அல்லது அதை ஒத்த வேலை’ என்று எழுதினார்கள். திறமை, உழைப்பு, பொறுப்பு இவற்றைப் பார்க்க வேண்டும் என்றார்கள். 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் ‘ஒத்த வேலை’ என்ற பேச்சு இருக்கிறது. ஆனால் வயலில் என்ன செய்கிறோம்? ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு ஒரு வேலை என்று முதலிலேயே பிரித்துவிட்டு, இரண்டும் ஒத்தது இல்லை என்கிறோம். சட்டத்துக்கு அங்கே வாயே இல்லாமல் போகிறது. அதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951 உடன்படிக்கை ‘சம மதிப்புள்ள வேலை’ என்று கேட்டது. இந்தியா அதை 1958இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் மாதர் சங்கத் தோழர்கள் மேடையில் கேட்பதும் இந்த மதிப்பைத்தான்.

சரி, மதிப்பையே பார்ப்போம். பறித்துக் கட்டிய நாற்று முடியை எடுத்துப் பிரித்து, குனிந்த முதுகு நிமிராமல், பின்னால் நகர்ந்துகொண்டே இரண்டு விரலால் சேற்றில் ஊன்றிப் போவது லேசா? என் அம்மா நடவுக்குப் போனவள். ராத்திரி படுக்கும்போது முதுகு தரையில் படாது, ஒருக்களித்தே கிடப்பாள். நகக்கண் அழுகிப்போன விரலில் மருதாணி அரைத்து வைப்பாள். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன், அதனால் லேசு என்ற பேச்சை என்னிடம் கொண்டுவர வேண்டாம். நடவுப் பெண்கள் மதியத்தோடு கரையேறிவிடுகிறார்கள் என்பீர்கள். பறிக்கிற ஆண்களும் மதியத்தோடுதானே ஏறுகிறார்கள்? ஒரு காலத்தில் ஏர் பிடிக்கிறவன் தோள்வலிமையைக் காட்டி ஆண் கூலியை உயர்த்தினார்கள். ஏர் போய் டிராக்டர் வந்துவிட்டது. பெண் கூலி மட்டும் ஏன் இன்னும் பாதியிலேயே நிற்கிறது?

மூன்று ஏக்கர்க்காரர் படும் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. உரவிலை, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புவது, அறுப்பு நேரத்து மழை, எல்லாம் நிஜம். ஆனால் அந்த நஷ்டத்தைப் பெண்களின் கூலியில்தான் கழித்திருக்கிறீர்கள். ஆணுடைய 700இல் பத்து ரூபாய் குறைக்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை. 1987இல் ஒரு பெண் சுருக்கெழுத்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: கட்டுப்படியாகவில்லை என்பது பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கக் காரணம் ஆகாது. அந்த வழக்கில் கம்பெனிக்காரர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். இந்தச் சம்பளத்துக்குத் தொழிற்சங்கமே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்றார்கள். கோர்ட் அதையும் ஏற்கவில்லை. சங்கமே ஒப்புக்கொண்டாலும் செல்லாது என்று ஆனபிறகு ஊர்வழக்கம் எந்த மூலைக்கு?

நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோது இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்துத்தான் அன்றைய மத்திய அரசே நின்றது. மண்வெட்டி பிடித்த ஆணுக்கும் கூடை சுமந்த பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் அதில்தான் கிராமத்துக்கு வந்தது. அதைத் தங்கள் சாதனையாக உங்கள் கட்சிக்காரர்கள் சொல்வது நியாயம், நானும் சொல்வேன். அரசாங்கம் கொடுக்கும்போது சமம், நான் கொடுக்கும்போது வழக்கம் என்று இருந்தால் எப்படி?

பெற்றவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கொடுப்பது கடமை, அதற்கு நன்றிக்கணக்கு எழுதக்கூடாது. தான் நம்புவதாகச் சொன்னதைப் பிள்ளை கண்முன்னே செய்து காட்டுவதும் அதே அளவு கடமை. நீங்கள் முதலாவதைச் செய்துவிட்டு அதற்கு இரண்டரைப் பக்கத்தில் பில் போட்டிருக்கிறீர்கள். அவளுக்குத் திமிர் என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அவள் நம்பினாள், அவ்வளவுதான் அவள் செய்த தப்பு.

இப்போது சம்பா நடவு நேரம். பழைய கணக்கை முதலில் தீருங்கள். 14 பேர், ஆளுக்கு 350 பாக்கி, இரண்டு நாள்: 9,800 ரூபாய். மனைவி கையில் கொடுத்தனுப்ப வேண்டாம், வீடுவீடாக நீங்களே போங்கள். ‘ஏதோ பிரியமாகக் கொடுக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள், பாக்கி என்றே சொல்லுங்கள். சம்பாவுக்கு இறங்கும் பெண்களுக்கும் 700 என்று நடவுக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்து வயல்காரர்கள் வந்து கத்துவார்கள், அதில் உங்கள் கட்சிக்காரர்களும் இருப்பார்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் பொருளாக இதை வையுங்கள், ஆளாளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள்.

மகளுக்கு போன் செய்து இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் தோழியின் அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலமே சென்னைக்குச் சேதி போய்விடும்.