பழைய வீணை ஏகாண்டமா, ஒட்டா? சீர்செய்ய எதில் தொடங்குவது?

கேள்வி: செகண்ட்ஹாண்டில் ஒரு வீணை வாங்கியிருக்கிறேன். தஞ்சாவூர் ஏகாண்டம் என்று சொல்லி விற்றார்கள். கம்பியெல்லாம் துரு, கம்பிக்கு அடியில் குறுக்கே பதித்த மெட்டுகளில் நாலைந்து ஆடுகின்றன. சொன்னது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? நானே சரிசெய்யலாமா?

புதுக் கம்பி போட்டுச் சுருதி ஏற்றுவதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். ஏழு கம்பியின் இழுப்பில் மயிரிழை விரிசலும் வாய் பிளந்துவிடும். மரத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

குடம் (உருண்டைப் பாகம்), தண்டி (நீண்ட கழுத்து), யாளி முகம் (கழுத்தின் நுனிச் சிற்பம்) மூன்றையும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தால் அது ஏகாண்டம். குடத்தின் மேல்பலகை அதிலும் தனிதான், அங்கே கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். வீணையைக் கவிழ்த்து, குடமும் தண்டியும் சேரும் இடத்தைப் பாருங்கள். மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடினால் ஏகாண்டம். ரேகை திசை மாறினாலோ, நகத்தால் தடவும்போது மெல்லிய படி தட்டினாலோ ஒட்டு வீணை. அந்த இடத்தை அலங்காரப் பட்டை மறைத்திருந்தால் சந்தேகம் நியாயம்தான். மரம் பலாதானா என்று பார்க்க ஒரு பிருடையை (கம்பியை முறுக்கும் முளையை) கழற்றி, பாலிஷ் படாத துளைக்குள் டார்ச் அடியுங்கள். மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். ஏகாண்டம் என்பதாலேயே தஞ்சாவூர் ஆகிவிடாது. ஆந்திராவின் பொப்பிலி வீணையையும் ஒரே பலாக்கட்டையில்தான் குடைகிறார்கள். நல்ல ஒட்டு வீணை, விரிசல் விட்ட ஏகாண்டத்தைவிட எவ்வளவோ மேல். யாளிப் பக்கம் தண்டியின் அடியில் இருக்கும் சுரைக்காய் மாற்றப்பட்டிருந்தால் பொருட்படுத்தாதீர்கள்.

அடுத்து தண்டி. மேருவிலிருந்து (யாளிப் பக்கம் கம்பிகள் ஏறி வரும் தடுப்பு) குடம்வரை நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். லேசான வளைவை, மெட்டுகளைப் பதிக்கும் மெழுகின் உயரத்தில் சமாளிக்கலாம். ஒட்டு வாய் திறந்து தண்டி நிமிர்ந்திருந்தால் பட்டறை வேலை. குண்டூசித் தலையளவு ஓட்டைகளிலிருந்து மாவு கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மருந்து ஏற்றாமல் பாலிஷ் போட்டு மூடினால் உள்ளேயே உளுத்துப்போகும்.

மெட்டு ஆடுவது பெரிய நோயல்ல, மெழுகு காய்ந்துவிட்டது. தேன்மெழுகு, குங்கிலியம், கரித்தூள் சேர்த்துக் காய்ச்சுவது அது. குங்கிலியம் கூடினால் நொறுங்கும், குறைந்தால் சித்திரை வெயிலில் இளகி மெட்டு நகரும். ஒன்றிரண்டு மெட்டு என்றால் சூடான கரண்டிக் காம்பால் அந்த இடத்து மெழுகை மட்டும் இளக்கி அழுத்தலாம். நாலைந்து ஆடுகிறதென்றால் மற்றவையும் ஆடப்போகின்றன. 24 மெட்டுக்கும் புதிதாக மேளம் கட்டச் சொல்லுங்கள், அதாவது மெழுகு போட்டு மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பது. மேருவுக்கும், குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கும் நடுப்பாதியில் 12ஆவது மெட்டு, முக்கால் தூரத்தில் 24ஆவது என்பது வெறும் கணக்கு. அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதால் மெட்டு மேருப் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். முதல்முறை நீங்களே கட்டிப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

மெட்டுகளின் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். கம்பி அறுத்த பள்ளம் இருந்தால், கமகத்துக்கு (சுரத்தை அசைத்து வாசிப்பதற்கு) கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அதில் சிக்கிக் கரகரக்கும். மேளம் கட்டும்போதே அவற்றைத் தேய்த்து மெருகேற்றச் சொல்லுங்கள்.

குதிரை மேலிருக்கும் உலோகத் தகட்டிலும் இதே பள்ளம் விழும். ஆனால் அதை நீங்களாக உப்புத்தாள் போட்டுத் தட்டையாக்கிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மேடு அதில் உண்டு, வீணையின் நாதமே அந்த மேட்டில் கம்பி உரசுவதில்தான் இருக்கிறது. குதிரை ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. கம்பியைக் கழற்றுமுன் அதன் நான்கு ஓரத்தையும் பென்சிலால் குறித்துவையுங்கள்.

பிருடை வழுக்கினால் சாக்பீஸ் தூள் போதும், எண்ணெய் கூடவே கூடாது. பழைய கம்பிகளின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டு அதே அளவில் புதிது வாங்குங்கள். முதல் இரண்டு கம்பிகளான சாரணியும் பஞ்சமமும் எஃகு. முதல் நாள் சுருதியை 1 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) நிறுத்தி, மறுநாள் தண்டியில் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு 2, பிறகு 3 கட்டை என்று ஏற்றுங்கள்.